மேட்ரன் போட்ட இரண்டாவது கையெழுத்து

போன மாதம் என் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. படத்தில் இரண்டு வண்டிகள். இடப்பக்க வண்டியை ஒருவர் எல்லோருக்கும் முன்னால் நின்று இழுக்கிறார், அவர் தலைவராம். வலப்பக்க வண்டியின் மேல் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து விரலை நீட்டுகிறார், அவர் முகாமையாளராம். அனுப்பியவள் நில்மினி. என்னிடம் வேலை பழகியவள், இப்போது தாதியர் பயிற்சிக் கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். தாதிமையில் தலைமைத்துவமும் முகாமைத்துவமும் என்று ஏதோ கருத்தரங்கு வைக்கிறாளாம். இருபது நிமிடம் வந்து பேசுங்கள் ஸ்டெல்லா அக்கே, நீங்கள் எந்தப் பக்கத்து ஆள் என்று மட்டும் சொன்னாலே போதும் என்றாள்.

நான் எந்தப் பக்கத்து ஆளும் இல்லை. முப்பத்துநான்கு வருடமும் வண்டிக்கு அடியில்தான் கிடந்தேன். முழங்கால் வலியைச் சாக்காகச் சொல்லி வர முடியாது என்று மறுத்துவிட்டேன். ஆனால் அந்தப் படம் இரண்டு நாள் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. அதை வரைந்த மனிதர் எந்த வார்ட்டிலும் ஒரு பகல் பொழுதுகூட நின்றவராக இருக்க முடியாது. அதனால் எழுதித் தருகிறேன், யாராவது வாசிக்கட்டும்.

நான் கேகாலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டுகிறவர்கள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிட்டது. அதற்குமேல் கோயில் பாதர் என்னைப் பிடித்துக்கொண்டு போய் டவுனில் சிங்களப் பள்ளியில் சேர்த்துவிட்டார். சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. இன்றைக்கும் கணக்குக் கூட்டினால் சிங்களத்தில்தான் கூட்டுவேன், திட்டுவது மட்டும் தமிழில். தாதிப் பயிற்சி மூன்று வருடம். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கட்டில் விரித்தோம், பரீட்சை எழுதினோம், மறுபடி கட்டில் விரித்தோம்.

நான் நெடுநாள் வேலை செய்த ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். பெண்கள் வார்ட், நாற்பத்திரண்டு கட்டில். அங்கே மேட்ரனாக இருந்தவர் சோமாவதி. தொப்பியையும் சேர்த்தால் ஐந்தடி இருப்பார். அவர் உள்ளே வந்தால் நோயாளிகள்கூட நேராகப் படுத்துக்கொள்வார்கள். கட்டில் சக்கரங்கள் எல்லாம் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். அலுமாரி மேல் விரலை இழுத்துப் பார்ப்பார். தூசி இருந்தால் ஒன்றுமே சொல்ல மாட்டார், விரலை நம் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நிற்பார். நம் கைக்குட்டையால் நாம்தான் துடைத்துவிட வேண்டும்.

வேலைக்கு வந்த இரண்டாம் மாதம் ஒரு தெர்மாமீட்டரை உடைத்துவிட்டேன். போய்ச் சொன்னேன். உடைந்ததைக் காட்டு என்றார். கூட்டிக் குப்பையில் போட்டாயிற்று என்றேன். அப்படியானால் உடையவில்லை, தொலைந்திருக்கிறது, அது வேறு புத்தகம் என்றார். குப்பையைக் கிளறித் துண்டுகளைக் கிட்னி ட்ரேயில் போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துண்டுகளை வரிசையாக அடுக்கினார். ஒரு அங்குலம் குறைந்தது. பாதரசக் குமிழ் எங்கே என்று கேட்டார். அரை மணி நேரம் தேடினோம். ஒரு கிழவியின் மெத்தை மடிப்புக்குள் கண்ணாடி முனையோடு கிடந்தது. அவள் புரண்டு படுத்திருந்தால் முதுகில் ஏறியிருக்கும். நான் கையெடுத்துக் கும்பிட்டேன், மேட்ரன் புத்தகத்தில் எழுதினார்.

எழுதவில்லை என்றால் நடக்கவில்லை. இதுதான் அவருடைய வேதம். நோயாளி தண்ணீர் குடித்தால் எழுது, வாந்தி எடுத்தால் எழுது, வெளிக்குப் போனால் நேரத்தைப் போட்டு எழுது. எழுதி எழுதி என் விரல் காய்த்துப்போனது.

வந்த புதிதில் ஒரு தோட்டத்து நோயாளியோடு தமிழில் பேசிக்கொண்டு நின்றேன். மேட்ரன் என்னைக் கூப்பிட்டு, நீ கேட்டது என்ன, அவள் சொன்னது என்ன என்று அடுத்த நர்ஸுக்குத் தெரியுமா என்று கேட்டார். வேலை நேரத்தில் எல்லோருக்கும் விளங்குகிற பாஷையைப் பேசு என்றார். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, புத்தகக் கணக்குத்தான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் அது வசதியாகப் போயிற்று. வெள்ளைச் சீருடையைப் போட்டுச் சிங்களம் பேசினால் நான் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவள் என்று எவளுக்குத் தெரியும்? பதினெட்டு வருடம் அப்படியே ஓட்டினேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் வார்ட் சிஸ்டர் குசுமா வேறு ரகம். எல்லோருடைய பிறந்த நாளும் அவருக்கு மனப்பாடம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் போ போ என்று அனுப்பிவிடுவார். அவர் சிரித்தால் வார்ட்டே சிரிக்கும். ஒரு தடவை எல்லோருமாகக் கித்துல்கலைக்குப் போய் ரப்பர்ப் படகில் ஆற்றில் இறங்கலாம் என்றார். எட்டுப் பேர் ஒரே நாளில் லீவு போட்டோம். யாருக்கும் நீந்தத் தெரியாது. முதல் வளைவிலேயே படகு குடை சாய்ந்தது. குசுமா சிஸ்டரின் செருப்பு கொழும்புப் பக்கம் போய்விட்டது. நில்மினி சொல்கிற மாதிரி, தலைவர் என்றால் பின்னால் போகத் தோன்ற வேண்டுமாம். நாங்கள் குசுமா சிஸ்டர் பின்னால் ஆற்றுக்குள்ளேயே போனவர்கள். அன்றைக்கு வார்ட்டில் நாற்பத்திரண்டு பேருக்கும் மருந்து கொடுத்தது மேட்ரனும் ஒரு பயிற்சிப் பெண்ணும். மறுநாள் தும்மிக்கொண்டு வந்த எங்களை மேட்ரன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எட்டுப் பேரின் தும்மலையும் நேரம் போட்டு எழுதச் சொன்னார்.

இனி செல்வராணியின் கதைக்கு வருகிறேன்.

அப்போது எனக்குச் சிஸ்டர் பதவிக்கு நேர்முகம் வரவிருந்தது. ஒரு பிற்பகல் தோட்டத்து லொறியில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பெயர் செல்வராணி, வயது இருபத்துமூன்று. குடும்பம் நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து போன வருடம்தான் இங்கே இறப்பருக்கு இறங்கி வந்தது. அதனால் தாய்க்கும் மகளுக்கும் சிங்களம் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான அளவுதான். மூன்று வாரத்தில் கல்யாணம். முந்தின நாள்தான் பரிசம் போட்டிருந்தார்கள். துவைத்த துணி போலத் துவண்டு கிடந்தாள்.

இங்கே ஒரு சொல்லைச் சொல்லியாக வேண்டும். சிங்களத்தில் மாத்திரைகளைப் பெதி என்பார்கள். நம் வயிற்றுப்போக்குக்கு நாம் பேதி என்கிறோம். வழியெல்லாம் தாய் பேதி, பேதி என்று அழுதுகொண்டு வந்திருக்கிறாள். லொறி டிரைவர் சிங்கள ஆள், நல்ல மனிதர். வந்ததும் இறங்கி ஓடி, பெண் பெதி குடித்துவிட்டாள் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டார். கலியாணப் பெண், பெதி. டாக்டர் வேலைக்கு வந்து நாலு மாதமான பிள்ளை. அவருக்கு வேர்த்துவிட்டது. எத்தனை பெதி என்று கேளுங்கள் மிஸ்ஸி என்று என்னிடம் சொன்னார்.

நான் கேட்டேன். சிங்களத்தில். "பெதி கீயக் பிவ்வத?" எத்தனை மாத்திரை குடித்தாய் என்று அர்த்தம். கீயக் என்றால் எத்தனை என்று கடைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். மற்ற இரண்டு சொல்லும் அவள் காதில் பேதி போவுதா என்றுதான் விழுந்திருக்கிறது. பாவம், இரண்டு கையையும் விரித்துப் "பத்து" என்றாள்.

பத்து மாத்திரை, பெயர் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இந்தக் காலத்தில் இப்படிச் சட்டென்று வயிறு கழுவக் குழாய் போடுவதில்லை. அப்போது போடுவோம். இடது பக்கமாகச் சரித்து, தலையைத் தாழ்த்திப் படுக்கவைத்தேன். குழாயை வாயிலிருந்து காதுக்கும் காதிலிருந்து நெஞ்செலும்பின் நுனிக்கும் பிடித்து அளந்து, அந்த இடத்தில் பிளாஸ்டர் ஒட்டினேன். அந்த வேலையில் என்னை யாரும் குறை சொன்னதில்லை. குழாய் தொண்டைக்கு வரும்போது அவள் ஏதோ முனகினாள். பேசாதே, விழுங்கு என்று சிங்களத்தில் அதட்டினேன். புனலை வைத்துத் தண்ணீர் விட்டு விட்டு எடுத்தோம். ப்ளேன்டீ வந்தது, பிஸ்கட் துணுக்கு வந்தது. மாத்திரையின் பொட்டுக்கூட வரவில்லை. கரைந்துபோயிருக்கும் என்றார் டாக்டர். விஷத்தை உறிஞ்சட்டும் என்று கரித் தூளைக் கரைத்துக் குடிக்கவைத்தோம். பிறகு அவள் கக்கூஸுக்கும் கட்டிலுக்குமாக நடந்தபோது, கரி வேலை செய்கிறது என்று நான் டாக்டருக்கே விளக்கம் சொன்னேன். மேட்ரனின் சட்டப்படி அட்டெண்டன் பெண் ஒவ்வொரு தடவையும் நேரத்தைக் குறித்துக்கொண்டே வந்தாள்.

என் டியூட்டி முடிந்து நான் போன பிறகு ஆஸ்பத்திரிப் பொலிஸ் கான்ஸ்டபிள் வாக்குமூலம் எடுக்க வந்திருக்கிறார். கொட்டகலையில் இரண்டு வருடம் வேலை செய்தவர், தனக்குத் தமிழ் தெரியும் என்று பெருமை பேசுகிறவர். வார்ட்டுக்குள் விடாததால் கேட்டுக்கு வெளியே நின்ற தாயிடம் பெதிதானே என்று கேட்டார். ஆமாங்க ஐயா, பேதிதாங்க என்றாள். ஏன் என்று தமிழிலேயே கேட்டார். அதற்கு அவள், "எல்லாம் இந்தக் கல்யாணத்தால வந்த வெனைங்க ஐயா" என்றாள். பரிசச் சாப்பாட்டைத்தான் சொன்னாள். கான்ஸ்டபிளுக்குக் கல்யாணம் என்ற சொல் நன்றாகவே தெரியும். திருமணம் பிடிக்காமல் பத்து மாத்திரை குடித்தாள் என்று அழகாக எழுதி, தாயின் கைநாட்டையும் வாங்கிக்கொண்டார்.

லொறி டிரைவர் டீக்கடையில் சொல்ல, டீக்கடை பஸ்ஸில் ஏற, செய்தி அன்றைக்கே வரக்காப்பொலவுக்குப் போய்விட்டது. அங்கே கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் மரகதம் அம்மாள்தான் மாப்பிள்ளையின் தாய். பெண் ஒன்றும் வேண்டாம், பரிசச் சேலையைத் திருப்பி வாங்கப் போகிறேன் என்று அவர் வேனுக்குச் சொல்லியும் வைத்துவிட்டாராம். இது எதுவும் தெரியாமல் செல்வராணி எங்கள் பதினேழாம் கட்டிலில் கரிபூசிய உதட்டோடு படுத்திருந்தாள். அந்தப் பிள்ளையின் பெயரும் வாழ்க்கையும் என் ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருந்தன.

மறுநாள் காலை மேட்ரன் ரவுண்ட் வந்தார். கட்டிலில் தொங்கிய டிக்கட்டை, நோயாளியின் பதிவுத் தாளை, எடுத்து வாசித்தார்.

"பெயர் தெரியாது என்பது ஒரு மருந்தின் பெயரா? பத்து மாத்திரை என்றால் வெறும் அட்டை எங்கே?"

அட்டை இல்லை மேட்ரன் என்றேன். அட்டை இல்லை, வயிற்றிலும் ஒன்றும் வரவில்லை, பிறகு பத்து என்று யார் எண்ணினார்கள் என்றார். அவளே சொன்னாள் என்றேன். திரும்பக் கேள் என்றார். நான் வாயைத் திறந்து சிங்களத்தில் தொடங்கினேன். மேட்ரன் கையைக் காட்டி நிறுத்தினார். அவளுடைய பாஷையில் கேள் என்றார்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பதினெட்டு வருடத்துக்குப் பிறகு ஒரு நோயாளியிடம் தமிழில் கேட்டேன். "தங்கச்சி, என்ன மாத்திரம்மா முழுங்குன?"

அவள் மலங்க மலங்க விழித்தாள். "நீங்க தமிழா மிஸ்ஸி? நான் எங்க மாத்திர முழுங்குனேன்? பேதி எத்தன தடவ போவுதுன்னு நீங்கதானே கேட்டீங்க? பத்துன்னு சொன்னேன்."

"கொழாய் போடறப்ப ஏதோ சொன்னியே?"

"நோவு கீழ இருக்கு, மேல போடுறீங்களேன்னு சொன்னேன். நீங்க ஏசுனீங்க. சரி, பெரிய ஆஸ்பத்திரில இப்புடித்தான் போலன்னு இருந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு ஸ்டூலிலேயே இருந்தேன். ஒரு சிங்கள நர்ஸ் இந்தத் தப்பைச் செய்திருந்தால் பாஷை தெரியாது என்று சொல்லலாம். தமிழத்தி ஒருத்தி பேதி என்றதைத் தமிழத்தி ஒருத்தி மாத்திரை என்று எழுதிவைத்திருக்கிறேனே, என்னை எந்தச் செருப்பால் அடிப்பது?

டியூட்டி ரூமில் குசுமா சிஸ்டர் என் முதுகைத் தடவினார். அவர் மனசு தங்கம், அதைச் சொல்லியாக வேண்டும். ஒன்றும் பயப்படாதே, இந்த டிக்கட்டை எடுத்துவிட்டு வேறொன்று எழுதுவோம், வயிற்றுப்போக்கு என்று போட்டு இன்றைக்கே அனுப்பிவிடுவோம், நேர்முகம் வருகிற நேரத்தில் உன்மேல் ஒரு கறை விழ விடமாட்டேன் என்றார். நான் புதிய டிக்கட்டை எடுத்தும்விட்டேன். பொய் சொல்வானேன், அந்த நிமிடம் எனக்கு குசுமா சிஸ்டர் தெய்வமாகத் தெரிந்தார். அப்போது வாசலில் மேட்ரன் நின்றார்.

புதிய டிக்கட்டை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். பழையதை மேசையில் விரித்தார். அளவுகோலைக் கொடுத்தார். தப்பான வரியின் மேல் ஒரே ஒரு கோடு போடச் சொன்னார். கீழே எழுதியது வாசிக்கிற மாதிரி இருக்க வேண்டும், கிறுக்கக் கூடாது. பக்கத்தில் தவறு என்று எழுது, சரியானதை எழுது, நேரம் போடு, கையெழுத்துப் போடு. அளவுகோல் நழுவிக் கோடு வளைந்துவிட்டது. பரவாயில்லை, வளைந்த கோடும் கோடுதான் என்றார். அவர் வாயிலிருந்து பரவாயில்லை என்ற சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு பேனாவை என்னிடமிருந்து வாங்கி, என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

"மேட்ரன், இது என் பிழை" என்றேன்.

"எழுதியது நீ. தமிழ் தெரிந்த ஒருத்தி வார்ட்டில் இருக்க, அவளைப் பேசாதே என்று சொல்லிவைத்தது நான். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. எழுதவில்லை என்றால் நடக்கவில்லை என்று ஆகிவிடும்."

குசுமா சிஸ்டர் துணிகளை எண்ணப் போகிறேன் என்று லினன் அறைக்குள் போனவர்தான். மத்தியானம் வரை எண்ணினார்.

பன்னிரண்டு மணிக்கு நோயாளிகளைப் பார்க்கும் நேரம். மரகதம் அம்மாள் வேனில் வந்து இறங்கினார், கூடவே அவருடைய தம்பி. செல்வராணியின் தாய் கேட்டிலேயே அவர் காலில் விழப் போனாள். மேட்ரன் எல்லோரையும் தன் அறைக்கு அழைத்து உட்காரவைத்தார். நான் மொழிபெயர்க்க நின்றேன். தேவைப்படவில்லை. கடைக்காரம்மாவின் சிங்களம் என் சிங்களத்தைவிட நன்றாக இருந்தது.

மேட்ரன் சுற்றிவளைக்கவில்லை. பெண் எதுவும் குடிக்கவில்லை, நாங்கள் ஒரு சொல்லைத் தப்பாக விளங்கிக்கொண்டோம், தவறு ஆஸ்பத்திரியுடையது, கையெழுத்தும் போட்டிருக்கிறோம் என்றார். மரகதம் அம்மாள் நம்பவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் பாவப்பட்டு மூடிமறைப்பீர்கள், நான் எத்தனை பார்த்திருக்கிறேன் என்றார். பேதி என்றால் அத்தாட்சி என்ன என்றும் கேட்டார்.

அத்தாட்சி கேட்கிற ஆளைக் கண்டதும் மேட்ரனின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். மலப் பதிவுத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். பிற்பகல் மூன்று நாற்பது. நான்கு ஐந்து. நான்கு முப்பது. ஒவ்வொன்றுக்கும் நேரம், நிறம், அளவு, அட்டெண்டனின் கையெழுத்து. மரகதம் அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை விரல்வைத்து வாசித்தார். கடைக் கணக்கைப் பார்க்கிற அதே கருத்தோடு இரண்டாம் பக்கத்தையும் புரட்டினார்.

பரிசத்தன்று இவள் என்ன சாப்பிட்டாள் என்று மேட்ரன் கேட்டார். நான் தாயிடம் கேட்டேன். தாய் பயந்து பயந்து, வேறொன்றும் இல்லை, சம்பந்தி வீட்டிலிருந்து வந்த தயிர்தான் என்றாள். வரக்காப்பொலவிலிருந்து வெயிலில் வேனில் வந்த பன்னிரண்டு சட்டித் தயிர். மணப்பெண் என்று அவளுக்கு இரண்டு தடவை போட்டிருக்கிறார்கள்.

அப்போது அந்தத் தம்பி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதர், அக்காவின் பக்கம் சாய்ந்தார்.

"நம்ம மாப்பிள்ளைக்கும் முந்தாநேத்துலருந்து அதேதானே அக்கா?"

மரகதம் அம்மாள் அவரைப் பார்த்த பார்வையில் அவருக்கும் வயிறு கலங்கியிருக்கும். மேட்ரன் பேனாவைத் திறந்துகொண்டு, மாப்பிள்ளைக்கு எத்தனை தடவை என்று கேட்டார். மரகதம் அம்மாள் தரையைப் பார்த்தபடி ஒன்பது என்றார். அவரையும் கொண்டுவாருங்கள், கட்டில் இருக்கிறது என்றார் மேட்ரன்.

அதற்குப் பிறகு சேலையைத் திருப்பிக் கேட்கிற பேச்சே எழவில்லை.

மேட்ரன் அதோடு விடவில்லை. குடையை எடுத்துக்கொண்டு பொலிஸ் அறைக்கு நடந்தார். கான்ஸ்டபிளின் தலைக்குமேல் நின்று, பழைய பதிவின் கீழே புதிய பதிவை எழுதவைத்துவிட்டுத்தான் வந்தார். பிறகு பதினேழாம் கட்டிலுக்குப் போக வேண்டும், தமிழில் மன்னிப்புக் கேட்க வேண்டும், சொல்லித்தா என்றார். தப்பு எங்களோடது, மன்னிக்கணும் மகள் என்று சொல்லிக்கொடுத்தேன். சிங்கள எழுத்தில் துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டார். கட்டிலருகே நிமிர்ந்து நின்று, கடதாசியைப் பார்த்து வாசித்தார்.

"தொப்பி எங்களோடது. மன்னிக்கணும் மகள்."

செல்வராணி மேட்ரனின் தொப்பியை ஒரு தடவை பார்த்தாள். "ஆமாங்க" என்றாள் மரியாதையாக. நான் திருத்தவில்லை. அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தால் விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்தது.

வீட்டுக்குக் கொண்டுபோகிற நோய்விபர அட்டையை, நாங்கள் காட் என்போம், மேட்ரனே எழுதினார். ஊர்வாயை மூட இது போதும், இரண்டு பாஷையிலும் இருக்கட்டும் என்று கீழே என்னைத் தமிழில் எழுதச் சொன்னார். "பேதி. மாத்திரை அல்ல" என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். சில வாரம் கழித்து மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. மேட்ரனுக்கு வந்தது, எனக்கு வரவில்லை. நேர்முகத்தில் நான் தேறினேன். அந்தக் கடிதத்துக்கு அவர் என்ன பதில் எழுதினார் என்று கடைசிவரைக்கும் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு எங்கள் இருவருக்கும் பத்திரிகை வந்தது. தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் நல்ல கூட்டம். வாசலில் சந்தனக் கிண்ணமும் கற்கண்டும் பன்னீர்ச் செம்பும் வைத்த தட்டோடு மரகதம் அம்மாளே நின்றார். தட்டின் நடுவில், பிளாஸ்டிக் உறைக்குள், எங்கள் காட். வருகிறவர்களில் யாராவது காதோடு காதாகப் பேசுகிற மாதிரித் தெரிந்தால் போதும், சந்தனம் பூசுவதற்கு முன்னால் காட்டை எடுத்து நீட்டிவிடுவார். வாசிச்சுப் பாருங்க, பெரிய மேட்ரனே கையெழுத்துப் போட்டது, வெறும் பேதிதான், பத்து தடவ, எம் மருமகள ஒரு கொற சொல்ல முடியாது என்பார். சாப்பாட்டுப் பந்தியில் ஒரு கிழவர், பத்தா, எனக்கு ஒருக்கா பன்னெண்டு போச்சு என்று தன் கதையை ஆரம்பித்துவிட்டார். காட் கைமாறிக் கைமாறி மண்டபத்தைச் சுற்றியது.

மணவறையில் செல்வராணி தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். புதுப்பெண் வெட்கம் என்றார்கள். நான் பரிசு கொடுக்கப் போனபோது என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மிஸ்ஸி, அந்தக் காட்ட எப்புடியாச்சும் அத்தக்கிட்ட இருந்து வாங்கிருங்க. மாத்திரன்னு பேசுனவுங்க நாலு பேரு. பேதின்னு இப்ப ஊருக்கே தெரிஞ்சி போச்சி. கல்யாணத்தன்னிக்கி என்னய யாருமே என் பேர சொல்லி கூப்பிடல மிஸ்ஸி."

பந்தியில் இருந்த மேட்ரனிடம் போய்ச் சொன்னேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். வாசலுக்கு வந்து மரகதம் அம்மாளிடம் சிங்களத்தில், அந்தக் காட் அலுவலகத்துக்கு வேண்டும் என்றார். அம்மாள் மனசில்லாமல் கொடுத்தார். மேட்ரன் அதை வாங்கிக்கொண்டு நேரே மண்டபத்துக்குப் பின்னால் நடந்தார். அங்கே கல்லடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் உறையைக் கழற்றி என் கையில் தந்தார். காட்டை இரண்டாக மடித்து அடுப்புக்குள் வைத்தார்.

முப்பது வருடம் ஒரு துண்டுக் கடதாசியைக்கூடக் கசக்காத மனுஷி. "மேட்ரன், பதிவு?" என்றேன்.

"ஆஸ்பத்திரிப் பதிவு ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அதை யாரும் தொட முடியாது. இது நோயாளியின் பிரதி. நோயாளி வேண்டாம் என்றால் வேண்டாம்."

காட் எரிந்து முடிகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் அவர் நகர்ந்தார். நான் மணவறைக்கு ஓடிப்போய்ச் செல்வராணியின் காதில், அது போயிருச்சும்மா என்றேன். அப்போதுதான் பிள்ளை தலையை நிமிர்த்திக் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையை நன்றாகப் பார்த்ததும் அப்போதுதான் என்று நினைக்கிறேன்.